புள்ளி விழுந்த கோடரி

'கருவி' என்னும் தமிழ்ச் சொல் மிக அகலமானது. உழவனின் மண்வெட்டியும் கருவி. தச்சனின் உளியும் கருவி. இசைவாணரின் வீணையும் கருவி. கண், காது, கை, கால் என்னும் உறுப்புகளையும், மனம், புத்தி முதலிய உள் இயக்கங்களையும் சேர்த்துக் 'கருவி கரணங்கள்' என்று ஒரே பெயரால் அழைப்பது நம் மண்ணின் சிந்தனை மரபு. வள்ளுவப் பெருந்தகை வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் ஐயமற எண்ணிப் பார்க்க வேண்டியவை ஐந்து என்று வகுத்துத் தருகிறார். பொருள், காலம், வினை, இடம் ஆகிய நான்கோடு கருவியும் அவற்றுள் ஒன்று. ஐந்தில் ஒன்று, அவ்வளவே. அந்த ஒன்றை எடுத்து மற்ற நான்கின் தலைமேலும், அவற்றைச் செய்கின்ற மனிதனின் தலைமேலும் நாம் ஏற்றி வைத்துவிட்டோமோ என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், வகுப்பு முடிந்த பின் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் அவருடைய நாளின் கடமைகள் வரிசையாக இருந்தன: அதிகாலையில் எழுதல், பத்தாயிரம் அடி நடத்தல், மூன்று லிட்டர் தண்ணீர், இருபது பக்கம் வாசிப்பு, பத்து நிமிட அமைதி. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பச்சைக் குறி. தொடர்ந்து எத்தனை நாள் தவறாமல் நிறைவேற்றினார் என்பதையும் அக்கருவியே எண்ணிச் சொல்லியது. பாராட்டினேன். அவரோ மகிழ்ச்சியில்லாத குரலில், "எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது ஃபாதர். ஆனால், 'நீ வர வர வீட்டில் இருக்கிற மாதிரியே இல்லை' என்று அம்மா சொல்கிறார்கள். நாளை வரப்போகிற பெண்ணும் அப்படியே சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது" என்றார்.

இது கைப்பேசியைப் பற்றிய கேள்வியன்று. மிகப் பழைய அறநெறிக் கேள்வி. நான் என்னைச் செம்மைப்படுத்திக்கொள்ளக் கையாளும் கருவி என்னை நல்லவனாக்குமா? அல்லது திறமையானவனாக மட்டும் ஆக்குமா? இரண்டும் ஒன்றல்ல என்றால், வேறுபாடு எங்கே தொடங்குகிறது?

இத்தகைய கருவிகளை ஏளனம் செய்வோர் கூட்டத்தில் நான் சேர விரும்பவில்லை. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலிய மாணவர், பாடத்தில் மனம் ஒன்றாமல் தவித்தபோது, தக்காளி வடிவத்தில் அமைந்த அடுக்களைக் கடிகாரம் ஒன்றைத் திருகி மேசைமேல் வைத்துக்கொண்டார். 25 நிமிடம் ஒரே வேலை, பின்னர் 5 நிமிடம் ஓய்வு என்பதே அவர் கண்ட வழி. தக்காளிக்குரிய இத்தாலியச் சொல்லான 'பொமொடோரோ' என்பதே அம்முறையின் பெயராகி இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதனால் பயனடைவதை நான் கண்டிருக்கிறேன். நம் வீடுகளிலும் இத்தகைய கருவிகள் இல்லாமலில்லை. மறவாதிருக்க முந்தானையில் முடிச்சிடும் பாட்டி, நாட்காட்டித் தாளின் ஓரத்தில் பால்கணக்கைக் குறித்து வைக்கும் தாய், சம்பள நாளன்று கல்விக்கட்டணம், மளிகை, மருந்து எனத் தனித்தனி உறைகளில் பணத்தைப் பிரித்து வைக்கும் தந்தை ஆகியோர் எந்த நூலையும் வாசித்து இவற்றைக் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்கும் சென்று வீட்டையும் தாங்கும் பெண்ணிடம் போய் "அலாரம் வைக்காமல் வாழுங்கள்" என்று உபதேசிப்பவர், ஒரு நாளேனும் அவருடைய அடுக்களையில் நின்றிருக்க மாட்டார். மனித நினைவு சிறிது. மன உறுதி அதனினும் சிறிது. அவ்விரண்டுக்கும் ஊன்றுகோல் தேவைப்படுவதில் வெட்கம் ஏதுமில்லை.

ஆயினும் தன்னைத்தானே செதுக்கிக்கொள்ளும் கருவியின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே அறிய, அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினைவிடத் தக்க எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1706இல் பிறந்து, அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அவர், இளமையிலேயே தாம் முழுமை பெற்ற ஒழுக்கசீலராக வேண்டும் என்று தீர்மானித்தார். அதற்கெனச் சிறு குறிப்பேடு ஒன்றை அமைத்துக்கொண்டார். மிதவுணவு, மௌனம், ஒழுங்கு, மனத்திண்மை, சிக்கனம், உழைப்பு, உண்மை, நீதி, நடுநிலை, தூய்மை, அமைதி, கற்பு, தாழ்ச்சி எனப் பதின்மூன்று நற்பண்புகள். அவர் முதலில் எழுதியது பன்னிரண்டே. "உம்மைச் செருக்குள்ளவர் என்று ஊரார் கருதுகிறார்கள்" என நண்பர் ஒருவர் எடுத்துரைத்த பின்னரே தாழ்ச்சியைச் சேர்த்துக்கொண்டார்! பண்புக்கு ஒரு பக்கம். அதில் வாரத்தின் ஏழு நாள்களுக்கு ஏழு கட்டங்கள். குற்றம் நேர்ந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. வாரம் ஒரு பண்பில் தனிக் கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று.

புதிய சுற்றுத் தொடங்கும்போதெல்லாம் பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்ததில் தாள் முழுதும் ஓட்டையாகிவிட்டது என்று அவரே எழுதுகிறார். பின்னர்த் தந்த ஏடுகளில் சிவப்பு மையால் கோடிட்டு, புள்ளிகளைப் பென்சிலால் வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். குற்றத்தைத் திருத்துவதைக் காட்டிலும் ஏட்டைத் திருத்துவது எளிதாக இருந்திருக்கிறது. அவரை மிகவும் தொல்லைப்படுத்திய பண்பு ஒழுங்கு. பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பதும், நேரத்தைப் பகுத்துச் செயல்படுவதும் அவருக்கு இறுதிவரை கைவரவில்லை. இதைச் சொல்லும் இடத்தில் அவர் ஒரு கதையைக் கூறுகிறார்.

ஒருவன் கொல்லனிடம் சென்று, தன் கோடரியின் கூர்முனை மட்டுமன்றி முகம் முழுவதும் பளபளவென மின்ன வேண்டும் என்றான். "சக்கரத்தை நீ சுற்றினால் நான் தீட்டித் தருகிறேன்" என்றான் கொல்லன். கோடரியின் அகன்ற முகத்தை அவன் சாணைக்கல்லில் அழுத்திப் பிடிக்க, சக்கரம் சுற்றுவது பெரும்பாடாயிற்று. சுற்றியவன் அடிக்கடி வந்து பார்த்தான். இறுதியில் இருந்தபடியே போதும் என்றான். "இன்னும் சுற்று, இப்போது புள்ளி புள்ளியாகத்தானே இருக்கிறது?" என்றான் கொல்லன். "புள்ளி விழுந்த கோடரிதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது" என்றான் அவன். முயற்சியைப் பாதியில் விட்டுவிட்டு அதற்கு நியாயம் கற்பிப்போரைக் கேலி செய்யவே பிராங்கிளின் இக்கதையைச் சொன்னார். தம்மையும் அக்கேலியில் சேர்த்துக்கொண்டார்.

எனக்கோ இக்கதை வேறொன்றைச் சொல்கிறது. கோடரியின் முகம் முழுவதும் ஏன் மின்ன வேண்டும்? மரத்தை வெட்டக் கூர்முனை ஒன்றே போதும். அந்த மனிதன் பிழை செய்தது முயற்சியைக் கைவிட்டபோதன்று. வேண்டாத மினுமினுப்பைக் கேட்டபோதுதான். புனித அக்குவினாஸ் தோமையாரும் ஒரு கோடரியை நமக்குக் காட்டுகிறார். அருளடையாளங்களைப் பற்றிப் பேசுகையில், கருவிக்கு இருவகைச் செயல் உண்டு என்கிறார் அவர். தன் கூர்மையால் வெட்டுவது கோடரியின் சொந்தச் செயல். அவ்வெட்டினால் ஒரு கட்டில் உருவாவதோ அதனைப் பிடித்திருக்கும் தச்சனுடைய கலையின் செயல். கோடரி எவ்வளவு கூராயினும் 'கட்டில்' என்னும் எண்ணம் அதனுள் இல்லை. நம் கைப்பேசியின் பச்சைக் குறிகளும் அப்படியே. அவை வெட்டும், எதற்காக வெட்டுகிறோம் என்பதை அவை அறியா. அதனை நாம் அறிந்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

பிராங்கிளினுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தகையதொரு கட்டம் நம் திருச்சபையில் இருந்தது. புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் எழுதத் தொடங்கி, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் 'தனி ஆன்ம சோதனை' என்றொரு முறை விளக்கப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு குறையை எடுத்துக்கொண்டு, காலையில் எழும்போது அதனைத் தவிர்க்க உறுதி செய்வது. நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை வழுவினோம் என்று கணக்கிட்டுக் கோட்டின்மேல் புள்ளி வைப்பது. நாளுக்கு இரண்டு கோடுகள். குறை குறைந்துகொண்டே வரும் என்னும் நம்பிக்கையில் கோடுகளும் நாளுக்கு நாள் குறுகிச் செல்கின்றன. குறை நேர்ந்த அந்தக் கணமே கையை நெஞ்சில் வைத்து வருந்த வேண்டும். பலர் நடுவில் இருந்தாலும் பிறர் அறியாமல் இதனைச் செய்யலாம் என்கிறார் இஞ்ஞாசியார். இந்தச் சிறு குறிப்பை நான் மிகவும் விரும்புகிறேன். எழுத்தறியாதவர்க்கும் இக்கருவி எட்டும். அதற்கு ஏடும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை.

இரு கட்டங்களும் வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கின்றன. பிராங்கிளினுக்குக் கடவுள் நினைவு இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தம் அட்டவணைகளுக்கு முன்னே சிறு மன்றாட்டு ஒன்றை எழுதி வைத்திருந்தார். இன்று என்ன நன்மை செய்வேன் என்று காலையிலும், என்ன நன்மை செய்தேன் என்று மாலையிலும் தம்மைக் கேட்டுக்கொண்டார். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. இஞ்ஞாசியாரின் நூல் தனியே அமர்ந்து வாசித்துத் தானே தன்னைத் திருத்திக்கொள்வதற்கு எழுதப்பட்டதன்று. பயிற்சி அளிப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என இருவர் அதற்குத் தேவை. அதன் காரணத்தை இஞ்ஞாசியாரின் வாழ்வே விளக்குகிறது. மன்ரேசாவில் அவர் மனச்சாட்சியின் நுண்ணச்சத்தால் கடுமையாக வதைபட்டார். ஒப்புரவு பெற்ற பின்னும், இன்னும் ஏதோ சொல்லாமல் விட்டோம் என்னும் நினைவு அவரை விடவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் சோதனை வரை அது சென்றது. மிகத் தெளிவாகத் தெரிவதைத் தவிரப் பழைய பாவங்கள் எதையும் இனி அறிக்கையிட வேண்டா என்று அவருடைய ஆன்ம குரு கட்டளையிட்டார். பயனில்லை. அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! கணக்கிடும் கருவி கணக்கிடுபவனையே தின்னத் தொடங்கும் என்பதை அறிந்த மனிதர் செய்த கருவி அது. ஆகவேதான் அதே நூலின் தொடக்கத்தில், படைப்புப் பொருள்கள் நம் இறுதி நோக்கத்துக்கு எவ்வளவு துணை செய்கின்றனவோ அவ்வளவுக்குப் பயன்படுத்துக, எவ்வளவு தடையாகின்றனவோ அவ்வளவுக்கு விலக்குக என்னும் அளவுகோலையும் அவர் வைத்தார். தம்முடைய கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் அவ்வளவுகோல் பொருந்தும் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார்.

இனி, இக்கேள்வியின் கசப்பான பகுதிக்கு வர வேண்டும். கருவிகளுள் உயிருள்ளவையும் உண்டு, உயிரற்றவையும் உண்டு என்று அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலில் எழுதினார். அடிமை என்பவன் அவருக்கு உயிருள்ள கருவி. நெசவுநாடா தானே நெய்யுமானால் எசமானருக்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். இன்று நாடா தானே நெய்கிறது. எனினும் உயிருள்ள கருவிகள் நம்மிடையே குறைந்துவிடவில்லை. விடியற்காலை தியானமும், குறித்த நேரத்தில் உணவும், தேய்த்த சட்டையும், அமைதியான வாசிப்பு நேரமும் ஒருவருக்கு ஒழுங்காகக் கிடைக்கின்றன என்றால், அவ்வீட்டில் அவருக்கு முன்பே எழுந்து, பின்னர் உறங்கும் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். அவருடைய கைப்பேசியில் பச்சைக் குறிகள் இல்லை. பிறருடைய பச்சைக் குறிகளுக்கு அவரே கருவி.

பிராங்கிளினின் மனைவி டெபோரா அத்தகையவர். சிறு நூல்களை மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார், காகிதம் செய்வோருக்காகப் பழந்துணிகளை வாங்கிச் சேர்த்தார். இதனைப் பிராங்கிளினே நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். ஆனால் கடற்பயணத்துக்கு அஞ்சிய அப்பெண்ணைப் பிலடெல்பியாவில் விட்டு 1764இல் இலண்டன் சென்றவர், 1775 வரை திரும்பவில்லை. 1769இல் பக்கவாதத்தால் நலிவுற்று, 1774 டிசம்பரில் அவர் இறந்தார். கணவரைப் பார்த்துப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அதுமட்டுமன்று: பதின்மூன்று பண்புகளில் நீதியை எட்டாவதாக எழுதிய அம்மனிதரின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள், அடிமை விற்பனை விளம்பரங்கள் அவருடைய செய்தித்தாளில் அச்சாயின. நீதி என்னும் பக்கத்தில் இதற்காக ஒரு கரும்புள்ளியேனும் விழுந்ததா? விழுந்திருந்தால் தம் வரலாற்றில் அதனைச் சொல்லியிருப்பார். நாம் வகுத்த கட்டத்தில், நாம் ஏற்கெனவே குற்றம் என அறிந்ததற்கு மட்டுமே இடமுண்டு. அறியாத குற்றத்துக்கு அங்கே கட்டமே இல்லை.

அவரை மாற்றியது எது? 1763இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளுக்காக நடந்த பள்ளி ஒன்றுக்கு அவர் சென்றார். அங்கே பிள்ளைகள் படிப்பதைக் கண்டார். கறுப்பின மக்களின் இயல்பான ஆற்றலைப் பற்றித் தாம் அதுவரை கொண்டிருந்ததைவிட உயர்ந்த மதிப்பு அன்று தமக்கு உண்டாயிற்று என்று கடிதத்தில் எழுதினார். மாற்றம் உடனே முற்றிவிடவில்லை. அதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அச்சங்கத்தின் சார்பில், அடிமை முறைக்கு எதிராக அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்ற விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்; அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்தார். தந்த ஏடுகள் ஆண்டுக்கணக்கில் காட்டாத ஒன்றை, ஒரு வகுப்பறையின் பெஞ்சில் அமர்ந்திருந்த குழந்தைகள் காட்டத் தொடங்கினார்கள். அவரோ அன்று தம்மைத் திருத்திக்கொள்ள அங்குச் செல்லவில்லை. பிள்ளைகளைப் பார்க்கத்தான் சென்றார்.

இதனால்தான் அந்த இளைஞரிடம் கைப்பேசியை எறிந்துவிடச் சொல்லவில்லை. தம் தாயுடன் அமர்ந்து, "இந்தப் பட்டியலில் எது உங்களுக்குத் தொல்லையாக இருக்கிறது?" என்று கேட்டுவரச் சொன்னேன். பட்டியல் அவருடையது, அதன் செலவு யாருடையது என்பதை அவர் தாமே கேட்டு அறிய வேண்டும் என்று எண்ணினேன்.

செலவு என்று சொன்னதும் இவான் இல்லிச் நினைவுக்கு வருகிறார். வியன்னாவில் 1926இல் பிறந்து, குருவாகித் தொண்டாற்றி, 1969இல் குருத்துவப் பணியிலிருந்து விலகிய சிந்தனையாளர் அவர். எல்லாக் கருவிகளுக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அதைத் தாண்டினால், மனிதனுக்குப் பணி செய்த கருவி மனிதனைப் பணி வாங்கத் தொடங்கும் என்பது அவருடைய வாதம். 1974இல் வெளியான நூலில் அவர் போட்ட கணக்கு இன்றும் திகைக்க வைப்பது. சராசரி அமெரிக்க ஆண் தன் காருக்காக ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல் செலவிடுகிறான்: அதனை ஓட்டும் நேரம், நெரிசலில் நிற்கும் நேரம், அதற்கான பணத்தை ஈட்டும் நேரம் எல்லாம் சேர்த்து. அவ்வளவு நேரத்தில் அவன் கடக்கும் தொலைவு 7,500 மைல். மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை! கணக்கில் சிலர் குறை காணலாம். ஆனால் கேள்வி நேரியது. நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளுக்காக நாம் செலவிடும் நேரத்தை அதே நேர்மையோடு எண்ணிப் பார்த்தால், நம்மில் பலர் நடந்துதான் போய்க்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உகந்த கருவி எது என்று கேட்டால், தயங்காமல் பிடியரிசிப் பானையைச் சொல்வேன். உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, தனிப் பானையில் இட்டு, நிறைந்ததும் இல்லாதவருக்கோ கோவிலுக்கோ கொடுப்பது நம் ஊர்களில் பல சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். இதற்குக் கட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. வீட்டில் அரிசி குறைந்த நாளில் பிடியும் சிறிதாகிவிடும், யாரும் கேட்பதில்லை. நாள்தோறும் செய்யும் சமையலுக்குள்ளேயே பிறருக்கென ஓர் இடத்தை ஒதுக்கிவிடும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த பெண் யாரென்று எந்த நூலிலும் இல்லை. ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் நான்காம் அதிகாரத்தில் 'நற்செயல்களின் கருவிகள்' என்று எழுபதுக்கும் மேற்பட்டவற்றை அடுக்குகிறார். ஏழையருக்கு ஆறுதல் அளிப்பதும், நோயுற்றோரைச் சந்திப்பதும் அப்பட்டியலில் கருவிகளாகவே வருகின்றன. அதே நூலில், மடத்தின் பாத்திரங்களையும் பொருள்களையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்று பண்டகக் காப்பாளருக்குக் கட்டளையிடுகிறார். பிடியரிசிப் பானைக்கு அவர் மடத்தில் நல்ல இடம் கிடைத்திருக்கும்.

இரண்டாவதாக, என் சட்டைப்பையில் கிடக்கும் சிறு குறிப்பேடு. முதல் வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை கொண்டுசெல்ல வேண்டிய நோயாளர்களின் பெயர்கள் அதில் உள்ளன: இப்போது இருபத்திரண்டு வீடுகள். எந்த வீட்டில் நாய் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும், எந்தப் பாட்டிக்கு இடக்காது கேட்காது, யார் வாயில் சிறு துணுக்கு மட்டுமே கொடுக்கலாம் என்பன போன்ற குறிப்புகளும் உண்டு. இதைக் கணிப்பொறியில் ஏற்றி, வீடுகளைத் தெரு வாரியாக வரிசைப்படுத்தினால் முக்கால் மணி நேரம் மிச்சமாகும் என்று பங்குப் பேரவை இளைஞர்கள் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். நல்ல யோசனை; சென்ற மாதம் முதல் அந்த வரிசைப்படியே செல்கிறேன். மிச்சமான முக்கால் மணி நேரத்தை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். கடைசி வீட்டில், படுக்கையிலிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாக என்னிடம் ஏதோ சொல்லத் தொடங்குவதும், நான் கிளம்புவதைக் கண்டு நிறுத்திக்கொள்வதுமாக இருக்கிறார். அங்கேதான் வைத்திருக்கிறேன்.